மூன்று துளை, ஒரு தமனி

"மூணே மூணு ஓட்டைம்மா, இவ்வளவுதான்" என்று சொல்லி, மாற்று அறுவை ஒருங்கிணைப்பாளர் தன் சுண்டுவிரல் நுனியை நீட்டிக் காட்டினார். சித்தி தன் சுண்டுவிரலையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில், டயாலிசிஸ் முடிந்த களைப்பில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான் சித்தி மகன். அவன் இருந்த நிலையில் முப்பது ஓட்டை என்று சொல்லியிருந்தாலும் சித்தி தலையாட்டியிருப்பார். ஆனால் ஒரு கேள்வி அங்கேயே எழுந்திருக்க வேண்டும். எங்கள் யாருக்கும் எழவில்லை. பத்துப் பதினொரு சென்டிமீட்டர் நீளமுள்ள கிட்னி, சுண்டுவிரல் ஓட்டை வழியே எப்படி வெளியே வரும்?

வராது. அந்தத் துளைகள் கேமராவுக்கும் கருவிகளுக்கும். கிட்னியை எடுக்க அடிவயிற்றில், சிசேரியன் தழும்பு விழும் இடத்தில், ஆறேழு சென்டிமீட்டருக்குத் தனியாக ஒரு வெட்டு உண்டு. ஒருங்கிணைப்பாளர் பொய் சொல்லவில்லை, நாலாவதைச் சொல்லாமல் விட்டார். கொடையாளரிடமிருந்து நுண்துளை முறையில் சிறுநீரகம் எடுப்பதைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி இந்தச் சுண்டுவிரல் கணக்கில்தான் ஓடுகிறது. வெளியே தெரியும் காயத்தை அளந்து, உள்ளே நடக்கும் காரியத்துக்கும் அதே அளவைப் போட்டுவிடுகிறோம்.

பழைய முறை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் புதிய முறையின் பெருமை புரியும். 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ரொனால்ட் ஹெரிக் தன் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்தார். உயிரோடிருக்கும் ஒருவர் கொடுத்த சிறுநீரகம் இன்னொருவர் உடலில் நிலைத்து வேலை செய்த முதல் அறுவை அதுதான். பொருத்திய ஜோசப் மர்ரிக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. நோயே இல்லாத ரொனால்டின் உடலைத் திறந்து கிட்னியை எடுத்தவர் ஹார்ட்வெல் ஹாரிசன். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கொடுப்பவர் பக்கத்தில் நடப்பது இரண்டாம்பட்சம் என்ற வழக்கம் அன்றைக்கே தொடங்கிவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ரொனால்ட் 2010 வரை, ஒற்றைச் சிறுநீரகத்தோடு, எழுபத்தொன்பது வயது வரை வாழ்ந்தார்.

வேலூர் சி.எம்.சி.யில் 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தபோதும், அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கும், விலாவுக்குக் கீழே வெட்டித் திறப்பதுதான் ஒரே வழி. வெட்டு ஒரு சாண் நீளம் இருக்கும். பல நேரம் பன்னிரண்டாவது விலா எலும்பின் ஒரு துண்டையும் எடுப்பார்கள். மூன்று அடுக்குத் தசைகளை அறுத்துக்கொண்டு போக வேண்டும். அங்கே ஓடும் நரம்பு அடிபட்டால் இடுப்புப் பக்கம் தொங்கிப் புடைத்துக்கொள்ளும், மரத்துப்போகும், மழைக்காலத்தில் இழுக்கும். நெல் மூட்டை தூக்கிப் பிழைக்கிறவருக்கு அது பிழைப்பையே கெடுக்கும் காயம். சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைச் சந்தித்து எழுதப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தங்கள் உடல்நிலை முன்பைவிடக் கெட்டுவிட்டதாகச் சொன்னார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதற்குக் கடனும் வறுமையும் ஏமாற்றும் காரணம் என்றாலும், அந்த இடுப்பு வெட்டுக்கும் அதில் பங்கில்லாமல் இருக்காது.

1995 பிப்ரவரியில் பால்டிமோரில் லாய்ட் ராட்னரும் லூயி கவூசியும் கொடையாளரிடமிருந்து லேப்ராஸ்கோப்பி என்ற நுண்துளை முறையில் சிறுநீரகம் எடுத்துக் காட்டினார்கள். நோயுற்ற சிறுநீரகத்தை இப்படி எடுப்பதை அதற்கு ஐந்தாண்டுக்கு முன்பே ரால்ஃப் கிளேமன் செய்திருந்தார். கெட்டுப்போனதை எடுத்து வீசுவது வேறு, எடுத்ததை இன்னொருவர் உடலில் உயிரோடு வைப்பது வேறு. முதல் கொடையாளர் மறுநாளே வீட்டுக்குப் போய், இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். அந்தச் செய்தி பரவிய வேகத்துக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. 2001இல் அமெரிக்காவில் உயிரோடிருந்து கிட்னி கொடுத்தவர்களின் எண்ணிக்கை, இறந்தபின் கொடுத்தவர்களின் எண்ணிக்கையை முதன்முறையாகத் தாண்டியது. தாண்டியதற்கு நுண்துளை மட்டுமே காரணமில்லை, ஆனால் அது கதவைத் திறந்து வைத்தது.

நன்மைகள் விளம்பரத்தில் மட்டும் இருப்பவை அல்ல. இரு முறைகளையும் சீட்டுக்குலுக்கல் போலப் பிரித்து ஒப்பிட்ட ஆறு ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2011இல் தொகுத்துப் பார்த்தது. நுண்துளைக்காரர்களுக்கு வலிமருந்து குறைவாகவே தேவைப்பட்டது, மருத்துவமனை நாட்கள் குறைந்தன, வேலைக்கு விரைவில் திரும்பினார்கள். கிட்னியில் ரத்த ஓட்டம் நின்று அது வெதுவெதுப்பாகவே கிடக்கும் நேரம் மட்டும் சில நிமிடங்கள் கூடியது. வாங்கியவரிடம் அந்தச் சிறுநீரகம் வேலை செய்வதில் அதனால் குறை தெரியவில்லை. சித்தி மூன்றாம் நாள் தானே நடந்து போய்க் காரில் ஏறினார். பழைய முறையில் கொடுத்த எங்கள் தெருக்காரர் ஒருவர் ஒரு மாதம் ஒருக்களித்தே படுத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே, திரும்பவும் விலாவை வெட்டும் காலத்துக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில்.

என் குறை வேறு இடத்தில்.

கொடையாளரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை ஏற்றி உப்பவைக்கிறார்கள். பெருங்குடலை ஒதுக்கிவிட்டால் பின்னால் கொழுப்புக்குள் கிட்னி தெரியும். இடப்பக்கம் என்றால் மண்ணீரல் ஒட்டினாற்போல் இருக்கும், கொஞ்சம் அழுத்தி ஒதுக்கினாலும் கிழிந்து ரத்தம் கொட்டும். சிறுநீரகச் சிரையில் வந்து சேரும் கிளைச் சிரைகள் மூன்று: மேலே அட்ரீனலிலிருந்து ஒன்று, கீழே விதைப்பை அல்லது சூலகத்திலிருந்து ஒன்று, முதுகுப்புறமிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று. அந்தக் கடைசிச் சிரைதான் பொல்லாதது. பெருந்தமனியைச் சுற்றியிருக்கும் நிணநீர்க் குழாய்களைச் சரியாகக் கட்டாவிட்டால், சில வாரம் கழித்துப் பால் போன்ற திரவம் வயிற்றில் சேரும். ஆண்களுக்குச் சில நேரம் அந்தப் பக்க விதையில் வலியும் மரப்பும் நிற்கும். நாலைந்து மணிநேரம் ஒரே பக்கமாக வளைந்து கிடந்ததில் தசை நசுங்கிய சம்பவங்களும் உண்டு. பெரும்பாலானவை அரிது, அநேகமாக எல்லாமே சரிசெய்யக்கூடியவை.

சித்திக்கு வந்தது இந்தப் பட்டியலில் ஆகச் சாதாரணமானது. முதல் நாள் இரவு வலத் தோள்பட்டையில் தாங்க முடியாத வலி. "கிட்னி இடுப்புலதானே இருக்கு, தோள் ஏன்டா இப்படிக் குத்துது? மாரடைப்பா இருக்குமோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் எல்லோரும் பதறிப்போனோம். பத்து மணிக்கு மேல் வந்த செவிலியர் சிரித்தபடியே, "கேஸும்மா. வயித்துல ஏத்தின காத்து மிச்சம் இருக்கும், நாளைக்குச் சரியாயிடும்" என்றார். வயிற்றுக்குள் தங்கிய வாயு உதரவிதானத்தை உறுத்தினால், அதே நரம்புவழி தோளில்தான் வலிக்கும். இதை ஒரு வாக்கியத்தில் முன்பே சொல்லியிருக்கலாம். சுண்டுவிரலைக் காட்டிய நேரத்தில் பாதி போதும்.

இனி தமனிக்கு வருகிறேன். உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரு சிறுநீரகங்களுக்கும் போகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சிறுநீரகத் தமனியில் அரை லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஐந்து லிட்டர்தான். அந்தத் தமனியைப் பெருந்தமனியின் ஓரத்தில் அடைத்துவிட்டு அறுக்க வேண்டும். திறந்த அறுவையில் மருத்துவர் நூலால் கட்டுவார், அதற்கு மேல் ஊசியால் திசுவுக்குள் கோத்து இன்னொரு கட்டுப் போடுவார். நுண்துளையில் அந்த வசதி குறைவு, ஒரு கருவியைத்தான் நம்ப வேண்டும். இரண்டு வகைக் கருவிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று ஸ்டேப்லர்: தமனியின் சுவரை ஊடுருவி வரிசையாகப் பின் அடித்துக்கொண்டே வெட்டும். இன்னொன்று கிளிப்: துணி காயப்போடும் கிளிப் போல வெளியிலிருந்து கவ்விப் பூட்டிக்கொள்ளும்.

நோயுற்ற சிறுநீரகத்தை எடுக்கும்போது கிளிப்புக்கு அப்பால் தமனியில் ஒரு நல்ல துண்டை மிச்சம் விட்டு அறுக்கலாம், யாருக்கும் நட்டமில்லை. கொடையாளரிடம் அது முடியாது. எடுக்கும் கிட்னியோடு தமனி எவ்வளவு நீளமாக வருகிறதோ அவ்வளவுக்கு அதை வாங்குபவரிடம் தைப்பது எளிது. அதனால் கத்தி கிளிப்பை ஒட்டியே போகிறது, கிளிப்பின் பிடிக்கு அப்பால் தமனி மிஞ்சுவதில்லை. ஒவ்வொரு இதயத் துடிப்பும் அந்தக் கிளிப்பைப் பின்னாலிருந்து இடித்துக்கொண்டே இருக்கிறது. அறுவை அறையிலேயே நழுவினால் காப்பாற்ற வாய்ப்புண்டு. வார்டில், நள்ளிரவில், போர்வைக்குள் நழுவினால்?

இது கற்பனை அல்ல. 2006இல், கொடையாளர்களுக்கு ஏற்பட்ட மரணத்தையும் பெரும் ரத்தப்போக்கையும் அமெரிக்க மருத்துவர்கள் தொகுத்து எழுதினார்கள். தமனியை வெறுமனே கவ்வும் முறைகளே மிக மோசமாகத் தோற்றிருந்தன. அதே ஆண்டு, ஹெம்-ஓ-லாக் என்ற பாலிமர் கிளிப்பைத் தயாரித்த நிறுவனமே, நுண்துளைக் கொடை அறுவையில் சிறுநீரகத் தமனிக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. அதற்குப் பிறகும் மரணம் நிற்காததால் 2011இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு மருத்துவமனைகளுக்குத் தனியாக எச்சரிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. ஐந்தாண்டு இடைவெளி! பெட்டிக்குள் வைத்த தாளில் அச்சிட்டிருந்த தடை, அறுவை மேசைக்குப் போய்ச்சேர அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

கிளிப்பை விடாதவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு கிளிப் போட்டு, அப்பால் ஓரிரு மில்லிமீட்டர் விட்டு அறுத்தால் பத்திரமே என்று நூற்றுக்கணக்கான நோயாளிகளின் அனுபவத்தோடு வாதாடுகிறார்கள். ஸ்டேப்லரும் குறையில்லாததல்ல. பக்கத்தில் கிடக்கும் உலோகக் கிளிப்பைச் சேர்த்துக் கடித்துவிட்டால் சிக்கிக்கொள்ளும், வெட்டிவிட்டுப் பின் அடிக்காமல் போகும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு முறையும் புது கார்ட்ரிட்ஜ் வேண்டும், அதன் விலை கிளிப்பின் விலையைப்போலப் பல மடங்கு. தமனியிலும் சில மில்லிமீட்டர் அதன் பற்களுக்கே போய்விடும். ஆக, கிளிப்பா ஸ்டேப்லரா என்ற கேள்வியில் ஒருபக்கம் கொடுப்பவரின் உயிர்ப் பாதுகாப்பு, மறுபக்கம் வாங்குபவரின் வசதியும் பில்லும். இந்தத் தராசை யார் கையில் பிடிக்கிறார்கள் என்பதைக் கொடுப்பவருக்குத் தெரியப்படுத்துவதே இல்லை. ஒப்புதல் படிவத்தில் "ரத்தப்போக்கு ஏற்படலாம்" என்று ஒரு வரி இருக்கும். எதனால் ஏற்படலாம், அதைக் குறைக்க எதைப் பயன்படுத்தப் போகிறோம் என்ற வரி இருக்காது.

எந்தப் பக்கக் கிட்னியை எடுப்பது என்பதிலும் இதே இழுபறி நடக்கிறது. இரண்டில் நல்லது கொடுப்பவரிடமே இருக்க வேண்டும் என்பது பழைய நெறி. இடது சிறுநீரகச் சிரை நீளம், வலது குட்டை, நேராகப் பெருஞ்சிரையில் போய் முட்டுகிறது. கேமரா வழியே வேலை செய்பவருக்கு இடதுதான் வசதி. வலதை எடுத்த ஆரம்பக் காலங்களில், குட்டைச் சிரையில் ரத்தம் உறைந்து பொருத்திய சிறுநீரகம் வீணான நிகழ்வுகள் நடந்ததால் பலரும் அந்தப் பக்கமே போகவில்லை. இடப்பக்கம் இரண்டு மூன்று தமனி இருந்தாலும் பரவாயில்லை என்று அங்கேயே போனார்கள். வலதையும் பத்திரமாக எடுக்கப் பின்னாளில் பழகிக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் கருவிக்கு ஏற்ற பக்கம் எது, கொடுப்பவருக்கு ஏற்ற பக்கம் எது என்ற இரண்டு கேள்விகளும் ஒன்றல்ல என்பதை அந்தக் காலம் காட்டிக்கொடுத்தது.

எண்களைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1994 முதல் 2009 வரை கொடுத்த 80,347 பேரை டோரி செகெவ் குழுவினர் ஆராய்ந்தார்கள். 90 நாளுக்குள் இறந்தவர்கள் 25 பேர், அதாவது பத்தாயிரத்துக்கு 3.1. ஆண்களுக்கு 5.1, பெண்களுக்கு 1.7. அந்த ஆய்வில் என் கவனத்தை இழுத்தது வேறொன்று. அந்தப் பதினைந்து ஆண்டுகளில்தான் வெட்டித் திறப்பது போய் நுண்துளை வந்தது, இறப்பு விகிதமோ அசையவே இல்லை. காயம் இவ்வளவு சுருங்கியபோது மரண ஆபத்து கொஞ்சமும் சுருங்கவில்லை. 1999 முதல் 2001 வரையிலான இன்னொரு கணக்கெடுப்பில், மறுபடி அறுவை அறைக்குத் தூக்கிப் போக வேண்டியிருந்தவர்கள் பழைய முறையில் 0.4 சதவீதம், நுண்துளையில் 0.9. அது கைபழகும் காலம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு நிலை மாறியது. 2024இல் வந்த முப்பதாண்டு அமெரிக்கக் கணக்கில், 2013 முதல் 2022 வரை பத்தாயிரத்துக்கு 0.9 பேர்தான் இறந்திருக்கிறார்கள். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இவ்வளவு பெரிய உறுப்பை எடுக்கும் ஒரு அறுவையில் இதைவிடச் சின்ன எண்ணை எதிர்பார்ப்பது கடினம். ஆனால் அந்த எண் துளையால் வந்ததல்ல. தமனியை எப்படி அடைப்பது என்ற பாடம், ரத்த அழுத்தம் உள்ளவரைக் கவனமாகத் தேர்வது, கைதேர்ந்த குழுக்கள், எல்லாவற்றுக்கும் மேலாக இறந்தவரை எண்ணிப் பார்க்கும் பழக்கம் இவற்றுக்கெல்லாம் அதில் பங்குண்டு என்பது என் கணிப்பு. அங்கே கொடுத்தவரை ஆறாம் மாதமும் முதலாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் பின்தொடர்ந்து விவரம் அனுப்புவது மருத்துவமனையின் கடமை. இங்கே கொடைகளில் பெரும்பாலானவை உயிரோடிருப்பவர் கொடுப்பவை. யார் கொடுக்கலாம், பணம் கைமாறியதா என்பதைத் துருவித் துருவிக் கேட்க 1994ஆம் ஆண்டுச் சட்டமும் அனுமதிக் குழுக்களும் இருக்கின்றன. கொடுத்த பிறகு அவர் என்ன ஆனார் என்று கேட்பது மருத்துவமனையின் நல்ல மனதைப் பொறுத்ததாகவே இருக்கிறது. அமெரிக்காவின் 0.9ஐ நம் ஊர்ச் சுவரொட்டியில் ஒட்டிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

மரணத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. 2008க்கும் 2012க்கும் இடையில் கொடுத்த ஏறத்தாழ பதினைந்தாயிரம் அமெரிக்கர்களில், ஏதாவது ஒரு சிக்கலைச் சந்தித்தவர்கள் 16.8 சதவீதம். தீவிர சிகிச்சை வரை போகும் பெரிய சிக்கல் 2.4 சதவீதம். நூற்றில் இரண்டு பேர் என்பது, சுண்டுவிரல் நுனியில் அடங்கும் எண் அல்ல.

நீண்டகால ஆபத்துக்கும் துளைக்கும் நேர்த் தொடர்பில்லை என்பதால் அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2014இல் வந்த ஆய்வின்படி, பத்தாயிரம் கொடையாளரில் 90 பேருக்கு வாழ்நாளில் சிறுநீரகம் முழுதாகச் செயலிழக்கலாம். பொதுமக்களில் அது 326. "பார்த்தீங்களா, மத்தவங்களைவிட நீங்க பத்திரம்" என்று இந்த ஒப்பீட்டைத்தான் சொல்வார்கள். ஆனால் கொடுப்பதற்குத் தகுதியான அளவு ஆரோக்கியத்தோடு இருந்தும் கொடுக்காதவர்களில் அது 14. கொடுப்பவர் தன்னை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது இவர்களோடுதான். இனிமேல்தான் பிள்ளை பெறப்போகும் இளம்பெண் கொடுக்க முன்வந்தால், கர்ப்பகால ரத்த அழுத்தமும் வலிப்புக்கு முந்தைய நிலையும் 5 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாகக் கூடலாம் என்று கனடா ஆய்வொன்று கண்டதையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

இளம்பெண் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்: அம்மா, மனைவி, அக்கா. பழைய முறையில் "ஒரு மாசம் படுக்கையில கிடக்கணும், வீட்டை யார் பார்க்கிறது?" என்று சொல்ல முடிந்தது. அது சாக்காக இருந்தாலும், மறுக்க விரும்பியவருக்கு ஒதுங்க ஒரு நிழல் கிடைத்தது. நுண்துளை அந்த நிழலை எடுத்துவிட்டது. "மூணு நாள்ல வீட்டுக்கு வந்துடுவே, மூணு ஓட்டைதானே" என்று மாமியாரும் சொல்லலாம், கூடப் பிறந்தவனும் சொல்லலாம். சித்தி விஷயத்தில் யாரும் அப்படி நெருக்கவில்லை. அவர் மனசார முன்வந்தார். ஆனால் அந்தக் காத்திருப்புக் கூடத்தில் எங்களுக்கு எதிரே, மூன்று பேர் மாறிமாறிப் பேச, தலை நிமிராமல் தாலிக்கயிற்றைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணையும் பார்த்தேன். அவள் என்ன முடிவெடுத்தாள் என்று எனக்குத் தெரியாது.

தழும்பைச் சுருக்கும் ஆசை துளையோடு நிற்கவுமில்லை. தொப்புள் வழியே ஒற்றைத் துளை என்றார்கள். 2009இல் பால்டிமோரிலேயே ஒரு பெண் கொடையாளரின் கிட்னியைப் பிறப்புவழியே வெளியே எடுத்தார்கள், வயிற்றில் பெரிய வெட்டே இல்லாமல். திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில், தமனிக்குக் கிளிப் போடாதீர்கள் என்ற மூன்று வருடப் பழைய எச்சரிக்கை பல அறுவை அறைகளுக்குள் நுழையாமல் வெளியே நின்றுகொண்டிருந்தது. ஒரு கையை மட்டும் வயிற்றுக்குள் விட்டுச் செய்யும் கை-உதவி முறையில் வெட்டு கொஞ்சம் பெரிது, அழகு கொஞ்சம் குறைவு. ரத்தம் பீறிட்டால் விரலால் அந்த நொடியே அழுத்திப் பிடிக்கலாம். கை பழகாத குழுவிடம் நான் படுக்க வேண்டி வந்தால் இதையே கேட்டு வாங்குவேன்.

சென்ற தீபாவளிக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது அலமாரியிலிருந்த கோப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மகனுடையது மூன்று தடித்த ஃபைல்: மருந்து அளவு, கிரியேட்டினின், ஸ்கேன், வாராவாரம் தேதி போட்டு. சித்தியுடையது ஜவுளிக்கடைப் பை ஒன்றில் மடித்து வைத்த இரண்டு தாள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இடப்பக்க லேப்ராஸ்கோப்பி, சிக்கல் எதுவும் இல்லை, பத்து நாள் கழித்துத் தையல் பார்க்க வரவும் என்று இருந்தது. தமனியை எதைக் கொண்டு அடைத்தார்கள் என்று இரண்டு தாளையும் முன்னும் பின்னும் புரட்டித் தேடினேன். அப்படி ஒரு வரி இல்லை. "கடைசியா எப்ப கிரியேட்டினின் பார்த்தீங்க சித்தி?" என்றேன். "எனக்கென்னடா, அவனுக்குத்தான் மாசாமாசம் பார்க்கிறோமே" என்றபடி முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.